எந்த மிருகத்தைக் கூட்டிவருவது?

"மெடூசா மட்டும் வேண்டாம் அக்கா. விளக்கு வைக்கிற நேரத்துல அம்மா பார்த்தா பயந்துடுவாங்க."

தம்பியின் இந்த வாட்ஸ்அப் செய்தி வந்தபோது என் கையில் பாம்புக் கூந்தல்காரி மெடூசாதான் இருந்தாள். ஏதென்ஸில், மொனாஸ்டிராக்கி சதுக்கத்தை ஒட்டிய பாண்ட்ரோசு தெருவில் ஒரு கடை. அலுவலக வேலையாகப் போன இடத்தில் வேலை முடிந்து இரண்டு நாள் மிச்சம் இருந்தது. திருவான்மியூரில் புது ஃபிளாட்டுக்குக் குடிபோயிருந்த தம்பி ஒரே ஒரு பொருள்தான் கேட்டிருந்தான். கிரேக்கப் புராணத்து மிருகம் ஏதாவது ஒன்று, வாசலுக்கு எதிரே இருக்கும் அலமாரியில் வைக்க. கடவுள் சிலை வேண்டாமாம். "சாமின்னு சொன்னா அம்மா பூ வைக்க ஆரம்பிச்சுடுவாங்க" என்றான். அதுவும் சரிதான்.

அவன் ஏற்கெனவே ஒருமுறை சூடுபட்டவன். இரண்டு வருடத்துக்கு முன்னால் இணையத்தில் ஒரு பெகாசஸ், அதாவது சிறகு வைத்த குதிரை, வாங்கினான். 'வெண்கலம்' என்று எழுதியிருந்தது. வந்தது ரெசின் என்ற பிசின் வார்ப்பு. ஒரு சிறகு பெட்டிக்குள்ளேயே உடைந்திருந்தது. ஒட்டி பால்கனியில் வைத்தான். அடுத்த மழைக்காலத்தில் வெண்கல நிறம் தோல் உரிவதுபோல் உரிந்து உள்ளே இருந்த வெளிர் சாம்பல் தெரிந்தது. விற்றவர்கள் பதிலே போடவில்லை. அதனால் இந்த முறை நேரில் பார்த்து, தட்டிப் பார்த்து, தூக்கிப் பார்த்து வாங்க வேண்டும் என்பது கட்டளை.

முதல் நாள் நான் செய்த தப்பு, அழகு பார்த்தது. எந்த மிருகம் கம்பீரமாக இருக்கிறது, எது புகைப்படத்தில் எடுப்பாகத் தெரியும் என்று பத்துக் கடை ஏறி இறங்கினேன். சாயங்காலத்துக்குள் எல்லாம் ஒன்றுபோலத் தோன்ற ஆரம்பித்துவிட்டது. மறுநாள் காலை தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் மூன்று மணி நேரம் சுற்றிய பிறகுதான் கேள்வியே மாறியது. இந்த மிருகங்கள் ஒன்றும் ஷோகேஸுக்காகப் பிறந்தவை இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது. ஒன்று கோயில் முகப்பில் நின்று விரட்டியது, ஒன்று கல்லறை மேல் உட்கார்ந்து காத்தது, ஒன்று அண்டாவின் விளிம்பில் எட்டிப் பார்த்தது, ஒன்று செத்தவர்களுக்காக யாழ் வாசித்து அழுதது. நாம் வைக்கப்போகும் இடத்துக்கும் அதன் பழைய வேலைக்கும் பொருத்தம் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சரி, மெடூசாவிலிருந்தே தொடங்குகிறேன். கடைக்காரரிடம் நான் முதலில் கேட்டது "கோர்கோனா இருக்கிறதா?" என்று. மெடூசாவும் அவள் சகோதரிகளும் கோர்கன்கள்தானே, உள்ளூர் மொழியில் கேட்டால் மதிப்பார்கள் என்று ஒரு நினைப்பு. அவர் உற்சாகமாக உள்ளே போய் மீன்வால் வைத்த பெண்ணை எடுத்து வந்தார். இன்றைய கிரேக்கத்தில் கோர்கோனா என்றால் கடற்கன்னி. மகா அலெக்சாண்டரின் தங்கையே கடற்கன்னியாகிவிட்டாளாம். கப்பல்களை மறித்து "அலெக்சாண்டர் மன்னர் உயிரோடு இருக்கிறாரா?" என்று கேட்பாளாம். "இருக்கிறார், ஆள்கிறார்" என்று சொன்னால் விடுவாள், இல்லையென்றால் கப்பலைக் கவிழ்ப்பாள். சரி, மெடூசா என்று கேட்டிருக்கலாமே என்றேன். மெடூசா என்றால் எங்களுக்குக் கடலில் கொட்டும் ஜெல்லி மீனும்தான் என்று சிரித்தார். ஆகவே அங்கே வாங்கப் போகிறவர்கள் பெயரை நம்பாமல் படத்தைக் காட்டிக் கேளுங்கள்.

மெடூசாவின் பழைய முகத்தைப் பார்க்க கோர்ஃபு தீவுக்குப் போக வேண்டும். அங்கே ஆர்டெமிஸ் கோயிலின் முகப்பு முக்கோணத்தில், சுமார் கி.மு. 580-ல் செதுக்கப்பட்ட கோர்கன், இப்போது அந்த ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆள் உயரத்தைவிடப் பெரியவள். ஓடுகிற கோலத்தில் முழங்கால் மடிந்திருக்க, முகம் மட்டும் நேராக நம்மைப் பார்க்கும். உருட்டிய கண், விரிந்த வாய், தொங்கும் நாக்கு, இடுப்பில் பெல்ட்டாக இரண்டு பாம்பு. கூடவே அவள் பிள்ளைகள் பெகாசஸும் கிரிசாவோரும். இந்த முகத்தைக் கேடயத்திலும் கூரை ஓட்டிலும், மது குடிக்கும் கிண்ணத்தின் உள் அடியிலும்கூட வரைந்தார்கள். நமக்கு இது விளக்க வேண்டிய விஷயமே இல்லை. கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் முன்னால் தொங்கும் திருஷ்டி பொம்மைக்கு என்ன வேலையோ அதே வேலை. கண் உருட்டுவதும் நாக்கு நீட்டுவதும்கூட அதே.

ஆனால் கடையில் விற்கும் மெடூசா இவள் இல்லை. காலம் போகப்போக கிரேக்கர்களே அவளை அழகியாக்கிவிட்டார்கள். மியூனிக் நகரின் கிளிப்டோதெக் அருங்காட்சியகத்தில் இருக்கும் 'ரொண்டனினி மெடூசா' குளிர்ந்த, அமைதியான அழகி. தலையில் சின்னச் சிறகு, தாடைக்குக் கீழே பாம்பு முடிச்சு. கடைகளில் தொங்கும் முகங்களில் பெரும்பாலானவை அவள் வாரிசு. இன்னொரு வகை, லூச்சியானோ கர்பாதி 2008-ல் செய்த சிலையின் குட்டிப் பிரதிகள். அதில் மெடூசா நிமிர்ந்து நிற்பாள், கையில், புராணத்தில் அவள் தலையை வெட்டிய வீரன் பெர்சியஸின் வெட்டிய தலை. 2020-ல் அதை நியூயார்க்கில் குற்றவியல் நீதிமன்றத்துக்கு எதிரே வைத்த பிறகு உலகம் முழுக்கப் பரவியது. நல்ல சிலை, நல்ல கோபம். ஆனால் அதை வாங்குகிறவர் தன் வீட்டுக்குத் தானே முடிவெடுத்து வாங்க வேண்டும், அக்கா வாங்கித் தரக்கூடாது.

வாசலுக்கு என்றால் என் ஓட்டு அந்தப் பழைய நாக்கு நீட்டிக்குத்தான். தட்டையான சுடுமண் முகம், சுவரில் ஆணியடித்து மாட்டலாம், உடைய நீட்டிக்கொண்டிருக்கும் கை கால் இல்லை, எடையும் கம்மி. அம்மா காரணமாக அது பட்டியலிலிருந்து போனது. வேறு குறை அதில் இல்லை.

அந்தக் கடையில் என் கையில் இருந்தது ரெசின் மெடூசா. ரெசின் கேவலம் என்று நான் சொல்லமாட்டேன். முடியிழை, செதில் எல்லாம் அச்சில் துல்லியமாக விழும், விலை மலிவு, பயணத்துக்கு லேசு. அறைக்குள் வெயில் படாமல் வைத்தால் வருடக்கணக்கில் இருக்கும். பிரச்சினை அதற்கு வைக்கும் பெயரில்தான். ரெசினோடு வெண்கலத் தூள் கலந்து ஊற்றினால் அதை 'கோல்ட் காஸ்ட் பிரான்ஸ்' (cold-cast bronze, சூடாக்காமல் வார்த்த வெண்கலம்) என்பார்கள். சீட்டில் பின்பாதி பெரிதாக இருக்கும். பளிங்குத் தூள் கலந்தால் அது 'மார்பிள்'. இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். உள்ளங்கையை வைத்து இருபது எண்ணுங்கள். நிஜப் பளிங்கும் வெண்கலமும் கையின் சூட்டை இழுத்துக்கொண்டு சில்லென்றே இருக்கும், ரெசின் சீக்கிரம் வெதுவெதுப்பாகிவிடும். விரல் முட்டியால் தட்டினால் வெண்கலம் மணிபோல் பாடும், ரெசின் 'டொக்' என்று நின்றுவிடும். கவிழ்த்து அடியைப் பாருங்கள். பச்சை வெல்வெட் துணி ஒட்டியிருந்தால் ஓரத்தை லேசாகத் தூக்கிப் பார்க்க அனுமதி கேளுங்கள். முகம் சுளிக்கிற கடைக்காரரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

அடுத்து ஸ்பிங்க்ஸ். உண்மையைச் சொன்னால் முதல் நாள் நான் வாங்க நினைத்தது இதைத்தான். எகிப்து ஸ்பிங்க்ஸை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். கிரேக்க ஸ்பிங்க்ஸ் பெண் தலையும் சிங்க உடலும் கொண்டவள், சிறகு உண்டு, பின்னங்கால்களில் நாய்போல் உட்கார்ந்திருப்பாள். அருள்வாக்குக் கோயில் இருந்த டெல்ஃபியில் நக்சோஸ் தீவுக்காரர்கள் சுமார் கி.மு. 560-ல் காணிக்கையாக வைத்த ஸ்பிங்க்ஸ் மட்டுமே 2.22 மீட்டர். அதைத் தூக்கி ஒரு தூணின் தலையில் வைத்தார்கள். தூணோடு சேர்த்துப் பன்னிரண்டு மீட்டருக்கு மேல். மலைச்சரிவில் எங்கிருந்து வந்தாலும் அது கண்ணில் படும். அந்தத் தூணின் அடியில் பின்னாளில் ஒரு கல்வெட்டும் வெட்டினார்கள். அருள்வாக்கு கேட்க நக்சோஸ்காரர்களுக்கு வரிசையில் முதல் இடம் என்று. சிறப்பு தரிசன டிக்கெட் புதிய கண்டுபிடிப்பு இல்லை.

ஆனால் ஏதென்ஸ் பக்கம் ஸ்பிங்க்ஸுக்கு வேறு உத்தியோகம். கி.மு. ஆறாம் நூற்றாண்டில் பணக்காரக் குடும்பங்களின் கல்லறைத் தூண் உச்சியில் உட்கார்ந்து காவல். தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் ஸ்பாட்டா ஊரில் கிடைத்த ஒன்று இருக்கிறது, சுமார் கி.மு. 570, பெண்டெலி மலைப் பளிங்கு. அதன் உதட்டோரப் புன்னகை யாரையும் நிறுத்திவிடும். நானும் நின்றேன். அதே நேரம், கல்லறை மேலிருந்து சிரிக்கும் சிரிப்பு என்பதும் ஞாபகத்தில் இருக்க வேண்டும்.

ஸ்பிங்க்ஸ் பிரதிகளில் இரண்டு நல்ல தேர்வுகள் உண்டு. ஒன்று அச்சுப் பளிங்கு, பளிங்குத் தூளும் பிசினும் சேர்ந்தது. கிரேக்கக் கடைகளில் எங்கு பார்த்தாலும் இந்த வெள்ளைச் சிலைகள்தான். உட்கார்ந்த கோலம் என்பதால் அடி அகலம், சாயாது, சிறகு உடலோடு ஒட்டி மேலே வளைவதால் உடையும் பயமும் குறைவு. இன்னொன்று, அருங்காட்சியகக் கடையில் விற்கும் அதிகாரப்பூர்வப் பிரதி. கிரேக்கக் கலாச்சார அமைச்சகத்தின் கீழ் இயங்கும் அமைப்பு மூலச் சிலைகளிலிருந்து அச்செடுத்துச் செய்வது, முத்திரையோடு வரும். அருகருகே வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கன்னத்தில் தெரியும். தெருக்கடை ஸ்பிங்க்ஸுக்கு யாரோ பின்னால் அழகுநிலையத்தில் செய்துவிட்டதுபோல் வழவழப்பு. அச்செடுத்த பிரதியில் உளி போன தடமும், உடைந்த மூக்கு நுனியும், காலம் அரித்த குழியும் அப்படியே இருக்கும்.

பிரதி என்றாலே மட்டம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. பெர்லின் அரசு அருங்காட்சியகங்களின் பிளாஸ்டர் வார்ப்புக்கூடம் 1819-லிருந்து ஓடுகிறது. இருநூறு வருடமாக ஓவியப் பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் இப்படிப்பட்ட வார்ப்புகளை வைத்துத்தான் கிரேக்கச் சிற்பம் படித்தன. வாங்கத்தக்க பொருள்தான். ஆனால் பிளாஸ்டர் ஈரத்தை உறிஞ்சும். ஜன்னலைத் திறந்தால் கடற்காற்று வரும் திருவான்மியூர் வீட்டில் அது இரண்டு மழைக்காலத்தில் கறை பிடிக்கும். கோயம்புத்தூரில் இருப்பவர் தாராளமாக வாங்கலாம். அதுவும் தூசு ஒட்டினால் தண்ணீர் தொட்டுத் துடைக்கக் கூடாது, மென்மையான தூரிகைதான்.

இந்த வெள்ளை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளையாக இருந்தால்தான் கிரேக்கம் என்று ஒரு நம்பிக்கை. மூலச் சிலைகள் வெள்ளையாக இருந்ததே இல்லை. சிவப்பு, நீலம், மஞ்சள் என்று முழுக்க வண்ணம். அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில் மூன்று உடல் ஒட்டி, பாம்பு வாலோடு இருக்கும் ஒரு பூதம் உண்டு. நீலத் தாடியின் நிறம் இன்னும் ஒட்டியிருப்பதால் அதற்குப் பெயரே 'நீலத்தாடி'. 2022-ல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் தன்னிடம் உள்ள கல்லறை ஸ்பிங்க்ஸுக்கு முழு வண்ணத்தில் ஒரு மறு ஆக்கம் வைத்தபோது பலர் முகம் சுளித்தார்கள். கோபுரத்து வண்ணத்தைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அதில் அதிர்ச்சி ஒன்றுமில்லை. ஆகவே வண்ணம் பூசிய சிலையைக் கடையில் பார்த்தால் 'நாட்டுப்புறம்' என்று தள்ளிவிடாதீர்கள். பூச்சு தரமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கிரிஃபின் எனக்குப் பிடித்தது, என் பர்ஸுக்குப் பிடிக்கவில்லை. கழுகுத் தலை, சிங்க உடல், தங்கத்தைக் காக்கும் மிருகம். ஒலிம்பியாவில் கி.மு. ஏழாம் நூற்றாண்டு வெண்கல அண்டாக்களின் தோளில் இதன் கழுத்தும் தலையும் மட்டும் வரிசையாகப் பொருத்தியிருந்தார்கள். நீண்ட காது, உச்சந்தலையில் ஒரு குமிழ், திறந்த அலகுக்குள் வளைந்த நாக்கு. முழுச் சிலையைவிட இந்தக் கழுத்துத் துண்டுதான் அலமாரிக்கு அழகு. பீடத்தில் நட்டு வைத்தால் புத்தகங்களுக்கு முன்னால் காவல் நிற்கும். தங்கம் காத்தவன் இப்போது புத்தகம் காக்கட்டும், வேலைப் பொருத்தம் சரியாகத்தான் இருக்கிறது.

ஆனால் இதை வெண்கலத்தில் வாங்கினால்தான் அர்த்தம். வெண்கலம் என்றால் எடை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அதே அளவு பளிங்கு 2.7 கிலோ, வெண்கலம் எட்டரைக் கிலோவுக்கும் மேல். சுவாமிமலையில் மெழுகு கட்டி உள்ளே இடைவெளி இல்லாமல் வார்ப்பார்கள், அதனால் சின்ன விக்கிரகம்கூடக் கையை இழுக்கும். பெரிய கிரேக்க வெண்கலங்கள் உள்ளே பொள்ளல். நல்ல பிரதிகளும் அப்படித்தான், சுவர் கனம் சில மில்லிமீட்டர். உள்ளே விரல் விட்டுத் தடவிப் பாருங்கள், மெழுகு வார்ப்பாக இருந்தால் உட்புறமும் மேடு பள்ளமாக இருக்கும். கடையில் 'வெண்கலம்' என்பதில் பாதி பித்தளை. அதுவும் பரவாயில்லை, பித்தளை விலை சொன்னால். காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு, அவ்வளவுதான் அந்தச் சோதனை சொல்லும். ஒட்டாததால் வெண்கலம் என்று ஆகிவிடாது.

இன்னொரு விஷயம், பச்சைக் களிம்பு. பழமையாகத் தெரிய வேண்டும் என்று ரசாயனத்தில் முக்கிப் பச்சை ஏற்றுவார்கள். உலோகத்தோடு பிடித்த பச்சை நகத்தால் கீறினால் வராது, வெறும் பெயின்ட் வந்துவிடும். கடலோர வீட்டில் உப்புக் காற்று பட்டு வெளிர் பச்சையில் பொடிப்பொடியாக உதிர ஆரம்பித்தால் அது அழகு இல்லை, நோய். நல்ல மெழுகை வருடத்துக்கு ஒருமுறை மெல்லப் பூசித் துடைத்தால் தள்ளிப்போடலாம். தம்பி தேய்க்கிற ஆள் இல்லை. அவன் வீட்டுக் குத்துவிளக்கையே அம்மாதான் தேய்க்கிறாள்.

வெண்கலம் பேசும்போது கிமைராவை விட முடியாது. சிங்கம், முதுகில் ஆட்டுத் தலை, வாலில் பாம்பு. இதன் மிகப் புகழ்பெற்ற சிலை கிரேக்கத்தில் இல்லை, ஃபிளாரன்ஸில் இருக்கிறது. 1553-ல் இத்தாலியின் அரெட்சோ ஊரில் தோண்டும்போது கிடைத்தது. கதை கிரேக்கம், செய்தவர்கள் பழைய இத்தாலியின் எத்ருஸ்கர்கள். முன்னங்காலில் தின்யா என்ற தெய்வத்துக்குக் காணிக்கை என்று அவர்கள் மொழியில் வெட்டியிருக்கிறது. கிடைத்தபோது வால் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் வால் ஒட்டியவர், பாம்பு தன் உடம்பிலேயே இருக்கும் ஆட்டின் கொம்பைக் கடிப்பதுபோல் ஒட்டிவிட்டார். பாம்பு எதிரியைப் பார்த்துச் சீற வேண்டியது, சொந்த ஆட்டைக் கடிக்கிறது. கடைகளில் இருக்கும் ஒவ்வொரு கிமைராவும் இந்தத் தப்பை அப்படியே சுமக்கிறது. எனக்கு அதனாலேயே அது பிடிக்கும். ஆனால் மூன்று தலையும் தெளிவாகத் தெரிய ஒன்றரை அடி நீளமாவது வேண்டும். சின்னதாக வாங்கினால் பார்க்கிறவர்கள் "சிங்கத்துக்கு முதுகுல என்ன கட்டி?" என்று கேட்பார்கள்.

பெகாசஸ் பற்றி நீட்ட வேண்டாம். முன்னங்கால் தூக்கி, சிறகு விரித்து, பின்னங்கால் இரண்டிலும் நிற்கும் குதிரை என்பது எடைக் கணக்கில் ஒரு தொல்லை. மொத்தப் பாரமும் இரண்டு கணுக்காலில். வால் தரையைத் தொட்டு மூன்றாவது காலாக நின்றால் மட்டும் யோசிக்கலாம். பெகாசஸ்தான் வேண்டும் என்றால் பழைய கொரிந்து நகர வெள்ளி நாணயத்தின் பிரதியை வாங்கிச் சட்டம் போடுங்கள். அந்த நாணயத்துக்கு மக்கள் வைத்த செல்லப் பெயரே 'குதிரைக்குட்டி'. அதில் சிறகு உடையாது.

சைரன் விஷயத்தில் எச்சரிக்கை. கப்பலோட்டிகளைப் பாடி மயக்கும் சைரன் என்று கேட்டால் இங்கேயும் மீன்வால் பெண்ணைத்தான் நீட்டுவார்கள். பழைய கிரேக்க சைரன் பறவை. இடுப்புக்கு மேலே பெண், கீழே கோழிக்கால், முதுகில் சிறகு. ஏதென்ஸின் கெராமெய்கோஸ் இடுகாட்டில் கிடைத்த ஒன்று, சுமார் கி.மு. 370, ஆமையோட்டு யாழைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. போரில் செத்த டெக்சிலியோஸ் என்ற இளைஞனின் குடும்பக் கல்லறை வளாகத்தில் நின்றது. இருபது வயதில் போனவன். அந்தச் சிலையின் முகத்தைப் பார்த்த பிறகு அதன் குட்டிப் பிரதியை ஒரு கிரகப்பிரவேசத்துக்குக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. இறந்தவர் நினைவாக ஒரு மூலையில் ஏதாவது வைக்க நினைப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான உருவம் கிடையாது. ஒப்பாரிக்குத் துணை நிற்கும் பறவை.

காளைத் தலை மனிதன் மினோட்டார் எல்லாக் கடையிலும் உடற்பயிற்சிக்கூட விளம்பரம்போல் இருந்தது. தாண்டிவிட்டேன்.

இப்போது சென்டார். மேல் பாதி மனிதன், கீழே குதிரை. இதில் ஒரு முன்னெச்சரிக்கை தேவை, ஏனென்றால் சென்டார்களில் பெரும்பாலானவர்கள் நல்லவர்கள் இல்லை. லபித்தர்கள் என்ற இனத்தார் வீட்டுக் கல்யாணத்தில் குடித்துவிட்டு மணப்பெண்ணைத் தூக்கப் பார்த்த கும்பல் அது. பார்த்தெனான் கோயிலின் தெற்குப் பக்கச் சிற்பப் பலகைகள் அந்தச் சண்டையைத்தான் காட்டுகின்றன. கடைச் சிலைகளிலும் அதே கழுத்து நெரிப்பு, அதே தலைமுடி இழுப்பு. வாசலுக்கு எதிரே யார் அதை வைப்பார்கள்? ரோமின் கேபிடோலைன் அருங்காட்சியகத்தில் இருக்கும் கருஞ்சாம்பல் பளிங்கு ஜோடி வேறு ரகம். 1736-ல் ரோமப் பேரரசர் ஹாட்ரியனின் மாளிகையில் கிடைத்தவை. இளையவன் சிரிக்கிறான், கிழவன் கை பின்னால் கட்டப்பட்டு முனகுகிறான். ஜோடியாக வாங்கினால்தான் சுவை. இடமும் பணமும் இரண்டு மடங்கு.

கும்பலில் ஒருவன் மட்டும் விலக்கு, கைரோன். ஆசான், வைத்தியன். மருத்துவக் கடவுள் அஸ்கிலீப்பியஸுக்கும் வீரன் அகிலீஸுக்கும் பாடம் சொன்னவன். ஹெராக்ளிஸ் விட்ட விஷ அம்பு தவறிப்போய் அவன் முழங்காலில் பட்டது. சாகாவரம் பெற்றவன் என்பதால் செத்துத் தொலையவும் முடியாமல் வலியோடு கிடந்தான் என்பது கதை.

இயூபியா தீவில் லெஃப்கண்டி என்ற இடத்தில் ஒரு சுடுமண் சென்டார் கிடைத்தது. சுமார் கி.மு. 900. சென்டார் என்று அடையாளம் தெரியும் உருவங்களில் மிகப் பழையவற்றில் ஒன்று. உயரம் 36 சென்டிமீட்டர், இப்போது எரெட்ரியா அருங்காட்சியகத்தில். தலை ஒரு கல்லறையில், உடல் பக்கத்துக் கல்லறையில் கிடைத்தன. மேலெல்லாம் கட்டம் கட்டமாகக் கோடு. அதன் இடது முழங்காலில் ஒரு வெட்டு. உடைசல் இல்லை, செய்யும்போதே வேண்டுமென்று போட்ட காயம். அதனால் இது கைரோனாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

பிளாக்கா பகுதியில் ஒரு சந்துக்குள் இருந்த குயவர் பட்டறையில்தான் இதன் பிரதியைப் பார்த்தேன். மூலத்தைவிடச் சின்னது, முக்கால் அடி இருக்கும். பின்னால் காயாத ஒன்று மேசையில் இருந்தது. உடல் என்பது சக்கரத்தில் சுற்றி எழுப்பிய ஒரு குழாய்தான். அதைப் படுக்கவைத்துக் கால்களை ஒட்டுகிறார்கள், மூலத்தையும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அந்தக் குயவர் அம்மாள், உருளைக்கிழங்கு வெட்டுகிற மாதிரி ஒரு சின்னக் கத்தியை எடுத்து, ஈர மண் முழங்காலில் நுனியை வைத்து ஒரே கீறல் போட்டு, ஓரத்தில் பிதுங்கிய மண்ணைத் துடைக்காமல் விட்டார். ஏன் துடைக்கவில்லை என்று சைகையில் கேட்டேன். காயம் என்றால் ஓரம் வீங்கியிருக்கும் இல்லையா என்பதுபோல் தன் கன்னத்தை உப்பிக் காட்டினார்.

அங்கேயே என் மனம் முடிவு செய்துவிட்டது, ஆனாலும் கணக்குப் பார்த்தேன். நான் கேட்ட கடைகளில் ரெசின் மெடூசாவின் விலையை ஒன்று என்று வைத்தால், இந்தச் சுடுமண் மூன்று, அச்சுப் பளிங்கு ஸ்பிங்க்ஸ் இரண்டு, வெண்கலக் கிரிஃபின் கழுத்து பதினொன்று. வீட்டுக்குள் இருக்கும் சுடுமண்ணைக் கடற்காற்று பெரிதாக ஒன்றும் செய்யாது. பெயின்ட் உரியாது, ஏனென்றால் அது பெயின்ட் இல்லை, சூளையில் வெந்த மண்குழம்பு. எண்ணெய்க் கை படக்கூடாது, கறை உள்ளே இறங்கிவிடும். கீழே விழுந்தால் கதை முடிந்தது. தம்பியின் தொழிலைச் சொல்ல மறந்துவிட்டேன். அவன் பிசியோதெரபிஸ்ட். நாள் முழுக்க அவன் கையில் இருப்பது அடுத்தவர் முழங்கால்.

அம்மாவிடம் வீடியோ அழைப்பில் காட்டினேன். "குதிரைக்காரனா? சிரிச்ச முகமா இருக்கானே, இருக்கட்டும்" என்றாள். அவன் சிரிக்கவில்லை, வாய் ஒரு கோடுதான், ஆனால் அனுமதி கிடைத்தபோது வாதாடக் கூடாது.

வாங்கும்போது ரசீதில் 'நவீனப் பிரதி' என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கிரேக்கத்தில் 2002-ன் 3028-ஆம் எண் சட்டப்படி நிஜத் தொல்பொருளை அனுமதியில்லாமல் வெளியே எடுத்துப் போவது குற்றம். நல்ல பிரதி என்றால் சோதனை செய்பவருக்கும் ஒரு கணம் சந்தேகம் வரத்தானே செய்யும். யாராவது தனியாகக் கூப்பிட்டு "இது நிஜமாகவே பழசு" என்று ரகசியம் சொன்னால், பொய்யென்றால் பணம் போச்சு, நிஜமென்றால் நீங்களே போச்சு. எப்படியும் வெளியே வந்துவிடுங்கள்.

கட்டும் முறை: கால்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் முதலில் சுருட்டிய சாக்ஸ் திணிக்க வேண்டும், பிறகுதான் மேலே சுற்ற வேண்டும். வெளியே மட்டும் குஷன் வைத்தால் கால்கள் உள்பக்கமாக உடையும். இரண்டு பருத்தித் துப்பட்டா, அதன்மேல் ஒரு ஸ்வெட்டர். கைப்பையில்தான் வைத்தேன். விமான நிலையச் சோதனையில் பையைத் திரும்ப அனுப்பி இரண்டு முறை பார்த்தார்கள். திரையில் நான்கு காலும் ஒரு தலையும் தெளிவாகத் தெரிந்தன. ரசீதைக் காட்டியதும் விட்டுவிட்டார்கள்.

திருவான்மியூரில் தம்பி துப்பட்டாவைப் பிரித்து, முகத்தைக்கூடப் பார்க்காமல், கட்டைவிரலை நேராக இடது முழங்காலில் வைத்து அழுத்தினான்.

"இதுக்கு எக்ஸ்ரே எடுத்தாங்களா அக்கா?"

"ஏதென்ஸ் ஏர்போர்ட்ல ரெண்டு தடவை எடுத்தாங்க" என்றேன்.